மழை விட்ட மறுநாள்

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் பிள்ளைகளை ஜமுனாமரத்தூருக்கு அழைத்துச் செல்லலாமா என்று வினவும் குடும்பங்கள் பல. பீமன் நீர்வீழ்ச்சியும் காவலூர் வானாய்வுக்கூடமும் இளநெஞ்சங்களைக் கவர்வனவே. தாராளமாகச் செல்லலாம். ஆனால் எந்த நாளில் என்பது பற்றி இம்மாதம் சற்றுப் பேச விழைகிறோம்.

மலை சரியும் என்பதைப் பனிநாடுகளில் வாழ்வோர் நம்மினும் நன்கறிவர். நமக்கும் அது முற்றிலும் அந்நியமன்று. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், பனிச்சுவர் ஒன்று இடிந்து பத்து வீரர்களைப் புதைத்தது. அவர்களுள் நால்வர் தமிழகத்தார். வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை அந்நால்வரில் ஒருவர். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட கர்நாடக வீரர் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று உயிர் துறந்தார்.

பனிச்சரிவில் சிக்குவோர் பெரும்பாலும் புயல் வீசும் நேரத்தில் சிக்குவதில்லை என்பது வியப்பூட்டும் செய்தி. புயல் ஓய்ந்து, வானம் தெளிந்து, வெயில் எறிக்கும் முதல் நாளில்தான் மக்கள் மலையேறப் புறப்படுகின்றனர். முந்தைய நாள்களில் விழுந்த பனியோ, இளகிய பழைய அடுக்கின்மேல் பெரும் பாரமாய்க் காத்திருக்கிறது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சரிவில் ஒரு மனிதனின் எடையே அதனை அவிழ்த்துவிடப் போதும். புதையுண்டவரைக் கால் மணி நேரத்திற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி கடந்தால் நம்பிக்கை மிகக் குறைவு. எனவே அங்கே பயணம் செய்வோர் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கடந்த சில நாள்களின் கணக்கையும் பார்க்கின்றனர்.

ஜவ்வாது மலையில் பனிப்பாறை ஏது? இல்லைதான். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. பாறைமேல் படிந்த மண் நாள்கணக்கில் நீரைக் குடிக்கிறது, எடை கூடுகிறது, மண் துகள்களிடையே நிரம்பிய நீர் அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது. சாலைக்காக மலையின் அடிவாரம் வெட்டப்பட்ட இடங்களில் அதைத் தாங்குவதற்கும் ஒன்றுமில்லை. போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் மேலேறும் சாலைகளில் இத்தகைய வெட்டுச் சரிவுகளைக் காணலாம்.

2024ஆம் ஆண்டுத் திருவருகைக் கால முதல் ஞாயிறு, டிசம்பர் 1. முந்தைய இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்று மாலை திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில், பாறையும் மண்ணும் உருண்டு ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவர்களில் ஐவர் சிறுவர்கள். அவர்கள் மலையேறச் சென்றவர்களல்லர், வீட்டிற்குள் இருந்தவர்கள்.

சுற்றுலா செல்லும் நாம் பயணத்தைத் தள்ளிப்போடலாம். மலைமேல் வாழும் மக்களுக்கோ சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அதே சாலைதான். அவர்கள் நடமாடுகிறார்களே என்பதைக் கொண்டு நாமும் துணியலாம் என எண்ணுவது நம் பார்வையில் பேதைமை. கனமழைக்குப்பின் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். புறப்படுமுன் 1077 என்ற எண்ணில் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டறையைக் கேளுங்கள். வண்டியை வெட்டுச் சரிவின் கீழ் நிறுத்தி உணவருந்தாதீர்கள். சாலைக்கு மேலே புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், சிறு கற்கள் உதிரும் ஒலி ஆகியவற்றைக் கண்டால் திரும்பிவிடுங்கள். ஓடையில் தெளிந்த நீர் திடீரெனச் செந்நிறமாகக் கலங்கினாலும், மழை பெய்துகொண்டிருக்கையிலேயே நீர் குறைந்து போனாலும், மேலே மண் சரிந்து அடைத்திருக்கக்கூடும். பிள்ளைகளைக் கைப்பிடித்து, ஓடைவழியே கீழிறங்காமல், பக்கவாட்டில் மேட்டுப்பாங்கான இடத்திற்கு விரைந்து ஏறுங்கள். பைகளும் பாத்திரங்களும் அங்கேயே கிடக்கட்டும்.