தூத்துக்குடிக்காரனுக்கு எதுக்குய்யா ஹீட்டர்?

"ஏல, பேன் காத்தே அனலா அடிக்கிற ஊருல ஹீட்டரை வச்சு என்ன பண்ணப் போற? கருவாடு காயப்போடப் போறியா?"

என்னோட பழைய ஜிப்சிக்கு ஹீட்டர் மாட்டப் போறேன்னு சொன்னதும் சென்னையில இருக்கிற சேக்காளி கேட்ட கேள்வி இது. நானும் சிரிச்சேன். ஆனா இதே கேள்வியைப் பட்டறையில கேட்டு, அதுக்கு நான் தலையாட்டின ஒரு நாள் உண்டு. அதுக்கான வட்டியை 2023 டிசம்பர்ல கட்டினேன். அதனாலதான் இதை எழுதுறேன்.

வண்டி 1998 மாடல். உடன்குடி பக்கம் தேரிச் செம்மண்ணுல முருங்கை மூட்டையை ஏத்திக்கிட்டு வர நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேணும். ஏசி கிடையாது, ஹீட்டர் இருந்தது. 2019ல டிரைவர் சீட்டுக்கு முன்னாடி கால் பக்கம் ஈரம், வண்டிக்குள்ள ஒரு இனிப்பு வாசம், கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு மங்கல். பட்டறைக்காரர் பாத்துட்டு, "அண்ணாச்சி, ஹீட்டர் கோர் ஒழுகுது. நம்ம ஊருக்கு இது என்னத்துக்கு? ரெண்டு ஹோஸையும் ஒண்ணாச் சேத்து விட்டுருதேன்"னார். பத்து நிமிஷ வேலை. பெட்டியையும் கழட்டி எடைக்குப் போட்டாச்சு. ரொம்ப சிக்கனமா முடிஞ்சதுன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன்.

2023 டிசம்பர் 17. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்க மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற சராசரி மழையைவிட அதிகம். திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோனது அந்த ராத்திரிதான்.

ஏரல் பக்கம் இருக்கிற அக்காவையும் அத்தானையும் கூட்டிட்டு வர சாயங்காலமே கிளம்பிட்டேன். போறப்போ பிரச்சனை இல்லை. திரும்பி வரும்போது வண்டிக்குள்ள நாங்க அஞ்சு பேர், எல்லாரும் நனைஞ்ச துணியோட. மழைக்குப் பயந்து படுதாவை இறுக்கி மூடியாச்சு. ரெண்டு கிலோமீட்டர்ல முன்கண்ணாடி உள்பக்கம் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. வைப்பர் வெளியே ஓடி என்ன பிரயோஜனம்? அக்கா துண்டால துடைக்கத் துடைக்க மறுபடி மூடுது. அப்படித் தடவித் தடவி வரும்போது அத்தான் "நிறுத்துலே!"ன்னு கத்தினார். நிறுத்தி இறங்கிப் பாத்தா, இடதுபக்க முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ரோடே இல்லை. தண்ணி அரிச்சுக்கிட்டுப் போயிருந்தது.

இப்ப சொல்லுங்க, ஹீட்டர் குளிருக்கு மட்டுமா?

நம்ம மூச்சுலயும் ஈரத்துணியிலயும் இருந்து கிளம்புற ஆவி, மழையில குளிர்ந்த கண்ணாடியில பட்டு நீராகுது. சூடான காத்தை அதுமேல அடிச்சா கண்ணாடி சூடாகி ஈரம் போயிடும். ஹீட்டர் பெட்டி செய்யிற வேலை அதுதான். எஞ்சின்ல சூடான தண்ணி ஒரு குழாய் வழியா சின்ன ரேடியேட்டருக்கு வரும், விசிறி அதுவழியாக் காத்தைத் தள்ளும், காத்து கண்ணாடிக்கும் காலுக்கும் போகும். உங்க கார்ல ஏசி பட்டனை அமுக்கினா அதுவே காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிடும். அதனால ஹீட்டர் இருக்கிறதே உங்களுக்குத் தெரியாது. ஏசி இல்லாத பழைய வண்டியில அந்தப் பெட்டியை எடுத்தா, கண்ணாடிக்குக் காத்து அடிக்கிற விசிறியும் சேந்தே போயிடுது.

இன்னொண்ணும் இருக்கு. மே மாசம் தேரி மணல்ல லோடோட ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேல போனா, ஹீட்டரை முழுசாத் திறந்து விசிறியையும் வச்சா எஞ்சின் சூட்டுல கொஞ்சம் வெளியேறும். நமக்கு வேர்க்கும், ஆனா ஓரங்கட்டி நிறுத்துறவரைக்கும் ஹெட் தப்பிக்கும். அந்த வழியையும் அன்னைக்கு நானே அடைச்சிட்டேன்.

பட்டறைக்காரரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஒழுகுற கோரை அப்படியே விட்டா கொதிதண்ணி காலைப் பொசுக்கிடும். நடுரோட்டுல ஹோஸைச் சேத்து விடுறது சரியான முதலுதவி. உடைஞ்ச காலுக்குத் தப்பை கட்டுற மாதிரி. தப்பைக் கட்டோட வாழ்நாள் பூரா நடப்பீங்களா?

கோர் ஏன் போச்சு? நான்தான் காரணம். உப்பளத்துக்குப் பக்கத்து ஊர், போர் தண்ணி கரிக்கும். கூலன்ட் குறையும்போதெல்லாம் அந்தத் தண்ணியை ஊத்தினேன். உப்பு படிஞ்சு அடைச்சு, அரிச்சு, ஓட்டை விழுந்தது. வாய்ல வைக்க முடியாத தண்ணியை எஞ்சினுக்கு மட்டும் ஊத்தினா எப்படி?

எங்க கடற்கரையில வள்ளத்துல ஒரு இடுக்குல தண்ணி கசிஞ்சா, பஞ்சை அடைச்சு மறுபடி கடலுக்குப் போவாங்க. பலகையைப் பிடுங்கி அடுப்புல வைக்க மாட்டாங்க. கடலை நம்பினவனுக்கு இருந்த அந்தப் புத்தி, ரோட்டை நம்பின எனக்கு இல்லாமப் போச்சு.

இப்ப பழைய சாமான் கடையில ஒரு முழுப் பெட்டி தேடிப் பிடிச்சிருக்கேன். செம்பு-பித்தளை கோர். ஒரு இடத்துல ஓட்டை இருந்தது, ரேடியேட்டர் கடையில பத்தவச்சு, தண்ணியில முக்கி காத்தடிச்சுப் பாத்தாச்சு. ஹோஸும் கிளாம்பும் புதுசு. கூலன்ட்ல டிஸ்டில்டு வாட்டர் மட்டும். புதுவண்டி வாங்கச் சொல்றவங்க மாசத் தவணையில ஒண்ணுகூட ஆகலை.

பழைய ஜீப்பு, ஜிப்சி வாங்கி வார இறுதியில மலைக்கு ஓட்டுற நகரத்துத் தம்பிகளா, "தேவையில்லாத வெயிட்"னு ஹீட்டரைக் கழட்டிப் போட்டோ போடாதீங்க. ஓட்டத்துல இருக்கும்போது ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க. ஒண்ணு சூடா, ஒண்ணு குளிர்ச்சியா இருந்தா கோரோ வால்வோ அடைச்சிருக்கு. ஆறவிட்டு, ஹோஸைக் கழட்டி, எதிர்ப்பக்கமா மெதுவாத் தண்ணி விட்டுக் கழுவுங்க. பாதிநேரம் அதுலயே சரியாயிடும்.

சென்னை சேக்காளிக்கு ஒரு பதில். வர்ற ஐப்பசியில ஊருக்கு வா. மழையில ஏரல் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். துண்டு கொண்டுவர வேண்டாம்.