செவிலியர் கல்வியும் கடன் சுமையும்

ஆந்திரத்தில் 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமானது. ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் நிறுவனமும் திருப்பதியில் உள்ளன, வேலூர் சி.எம்.சி., அப்பல்லோ ஆகியவற்றின் வளாகங்கள் சித்தூர்ப் பக்கம் உள்ளன. சுற்றுவட்டார விவசாயக் கூலிக் குடும்பங்களின் பெண்களுக்கு எட்டக்கூடிய தொழிற்கல்வியாகச் செவிலியர் படிப்பு விளங்குகிறது. ஆனால் அந்த நான்காண்டுப் பட்டப்படிப்பின் செலவை யார் ஏற்பது?

ஆந்திரத்தில் கல்விக் கட்டணத்தை அரசே ஈடுசெய்யும் திட்டம் ராஜசேகர ரெட்டி ஆட்சிக் காலத்திலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆட்சி மாறும்போதெல்லாம் திட்டத்தின் பெயர் மாறுகிறது. நிலுவை மட்டும் மாறுவதில்லை. அரசு தாமதித்தால் நிர்வாகங்கள் மாணவியை நெருக்குகின்றன, சான்றிதழ்கள் முடக்கப்படுகின்றன. குடும்பம் வங்கியின் வாசலுக்குத் தள்ளப்படுகிறது.

வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும். அதன் பிறகு, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வட்டி குடும்பத்தின் தலையில்தான். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டமோ தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களுக்கே உரியது; ஒப்புதலின்போது அவை சுமார் 860. மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் தனிப்பட்டியல் உள்ள அந்தத் தரவரிசையில் செவிலியத்துக்குத் தனிப்பட்டியலே இல்லை. சிற்றூர்ச் செவிலியர் கல்லூரி எந்த வழியாக உள்ளே நுழையும்?

படித்து முடித்ததும் கடனை அடைக்கலாம் என்பது ஆட்சியாளர்களின் வாதம். 4 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 5,300 ரூபாய் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆணைப்படி அமைக்கப்பட்ட குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது; 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியருக்கு இணையாக வழங்க வேண்டும் என்றது. அந்த 20,000 முழுமையாகக் கிடைத்தாலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வங்கிக்கே போகும். அதுவும் கிடைக்காதவர்களின் நிலை என்ன?

இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு தொட்டது. 2017இல் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதோருக்கு 900 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை அறிவித்தது. செவிலியரின் தொடர் போராட்டங்களுக்குப் பின், 2018இல் தனியார் மருத்துவமனைகளில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. மருத்துவமனை நிர்வாகங்களின் எதிர்ப்பைச் சந்தித்தே இது செய்யப்பட்டது.

ஆந்திர அரசு கட்டண ஈட்டுத்தொகையை அந்தந்தக் கல்வியாண்டிலேயே வழங்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் செவிலியர் இடங்களைப் பெருக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டபூர்வமாக்க வேண்டும். ஒன்றிய அரசு வேலை கிடைக்கும் வரை வட்டியை ஏற்க வேண்டும்; செவிலியர் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரிகளை வித்யாலட்சுமியில் சேர்க்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் செவிலியருக்காகக் கைதட்டச் சொன்னவர்கள் அவர்களின் கடனுக்கும் கூலிக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மாணவர், மாதர், தொழிற்சங்க அமைப்புகள் இக்கோரிக்கைகளை ஒன்றாக முன்னெடுப்பது காலத்தின் கட்டாயம்.