நோயாளியையும் அழைத்துச் செல்லுங்கள்

விடுமுறைக் காலம் நெருங்கும்போது புறநோயாளர் பிரிவில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: "குடும்பத்தோடு வெளியூர் போகிறோம், அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. அவர் வீட்டிலேயே இருக்கட்டுமா, டாக்டர்?" நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு என் விடை ஒன்றுதான்: அழைத்துச் செல்லுங்கள், அவருக்கேற்பத் திட்டமிடுங்கள்.

சென்ற ஆண்டு பாரூரிலிருந்து எங்கள் குடும்பத்தார் எட்டுப் பேர், நீரிழிவுள்ள என் தந்தையாருடன், ஒரு வேனில் புறப்பட்டோம். மதியத்திற்கென்று கட்டிய புளிசாதம் கிருஷ்ணகிரியைத் தாண்டுமுன் தீர்ந்தது. ஓசூரருகே தெரிந்தவர் ஒருவரின் பசுமைக்குடிலில் ரோஜாக்களைப் பார்த்தோம். "நம் மாமரம் வெயிலில் நின்று காய்க்கிறது, இந்த அம்மாளுக்குக் குடை வேண்டுமாம்!" என்றார் மாந்தோப்புக்காரரான தந்தையார். பத்தே நிமிடத்தில் வெளியே வந்து நிழலில் அமர்ந்துகொண்டார். அது சரியான முடிவு. பசுமைக்குடிலுக்குள் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாததால் உடல் குளிர்வதில்லை. முதியோரும் இதய நோயாளிகளும் அங்கு நெடுநேரம் நிற்கலாகாது.

அடுத்து, பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதிக்கருகே 2005 முதல் இயங்கிவரும் வொண்டர்லா. "இதெல்லாம் ஒரு உயரமா?" என்று இராட்டினத்தில் ஏறிய சித்தப்பா, இறங்கியபின் அரைமணி நேரம் எவருடனும் பேசவில்லை. உட்செவி ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொன்னால் மூளை குழம்பும். தலைசுற்றலும் குமட்டலும் அதனால் வருபவை. தந்தையாரோ எட்டுப் பேரின் கைப்பேசிகளுக்கும் காலணிகளுக்கும் காவலராக மரநிழலில் வீற்றிருந்து, இறங்கி வருவோர் முகங்களுக்கெல்லாம் மதிப்பெண் வழங்கினார். அன்று மிகுதியாகச் சிரித்தவர் அவரே.

அதிவேக விளையாட்டுகள் இதய நோயாளிகளுக்கும், கருவுற்றோருக்கும், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும், கழுத்து, முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும், அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஏற்றவை அல்ல. அதற்காக அவர்கள் வீட்டில் தனித்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர்களுக்கு இன்னும் இதமான இடம் வேண்டுமெனில் பெங்களூரு லால்பாக் இருக்கிறது. 1889ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையை அங்கு மெல்ல நடந்தே காணலாம். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டிய மலர்க்காட்சியின்போது கூட்டம் நெரியும். நோயாளியுடன் செல்வோர் மற்ற நாள்களைத் தேர்வது நன்று.

நீரிழிவு உள்ளவர்கள் வேளை தவறாது உண்ணுங்கள். கையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்சுலினை வைக்காதீர்கள். உணர்ச்சி குன்றிய பாதங்களோடு சுடுதரையில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். கொப்புளம் எழுவதும் தெரியாது. நீர் அளவோடு அருந்தும்படி அறிவுறுத்தப்பெற்ற இதய, சிறுநீரக நோயாளிகள், அன்றைக்கு எவ்வளவு அருந்தலாம் என்று முன்னரே தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரைப் பெட்டியோடு நாள்களை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, தாமும் குடும்பத்தில் ஒருவர் என்ற நினைவு வேண்டும். அவரைப் பேணுபவருக்கோ, கவலையின்றிச் சிரிக்க ஒரு பகல் வேண்டும். 'பாதுகாப்பு' என்று சொல்லி அவரை வீட்டில் விட்டுச் சென்றால் இருவருக்குமே அது கிட்டாது. அடுத்த முறை வேனில் இடம் பிடிக்கும்போது, சன்னலோர இருக்கையை முதலில் அவருக்கு ஒதுக்குங்கள்.