தரவு நிலைபெறும்வரை காத்திருக்கச் சொல்வது தவறு

எந்தப் புரதம் எதனுடன் இணைகிறது என்று பதிவுசெய்யும் புரத வலைப்பின்னல் தரவுத்தளங்கள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, எனவே அவை நிலைபெறும்வரை அவற்றை வைத்து ஆய்வு செய்வது வீண் என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஏற்க முடியாது. மாற்றத்தைத் தொடர்ந்து கவனித்ததால்தான் இத்துறையின் பிழைகள் வெளியே வந்தன.

ஈஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2000-லும் 2001-லும் இரு குழுக்கள் ஒரே வகைச் சோதனையால் அதன் புரத இணைப்புகளைத் தேடின. இரு பட்டியல்களுக்கும் பொதுவானவை சொற்பம். 2002-ல் வான் மெரிங் குழு கணக்கெடுத்தபோது, கையிலிருந்த சுமார் 80,000 இணைப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் ஆதரித்தவை ஏறத்தாழ 2,400 மட்டுமே.

ஈஸ்ட்டில் இணைப்பு அதிகமுள்ள புரதத்தை நீக்கினால் செல் சாகும் வாய்ப்பும் அதிகம் என்று 2001-ல் ஜியோங், பராபசி குழுவினர் எழுதினர். துறை முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. 2008-ல் வெளியான, தரம் சோதிக்கப்பட்ட நேரடி இணைப்பு வரைபடத்தில் அந்த உறவு தென்படவில்லை. புதிய தரவோடு ஒப்பிடாமல் இதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

பி53 போன்ற, புற்றுநோயுடன் தொடர்புடைய புரதங்களுக்கு இணைப்புகள் குவிந்திருப்பதற்கு, அவற்றை எல்லோரும் தேடித்தேடி ஆராய்ந்ததும் ஒரு காரணம். எது உயிரியல், எது ஆய்வாளரின் ஆர்வம் என்று பிரித்தறிய, பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பெரிதும் உதவும்.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்று நியாயம்: எந்தப் பதிப்பு என்றே குறிப்பிடாத கட்டுரைகள் வருகின்றன. இதழாசிரியர்களே, அவற்றைத் திருப்பி அனுப்புங்கள். பதிப்பு எண், தேதி, பழைய பதிப்பில் அதே கணக்கு தந்த விடை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அதற்காக ஆய்வையே நிறுத்தச் சொல்லாதீர்கள்.