இரண்டு கையெழுத்து

நம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து நூறு ரூபாய் எடுக்க வேண்டுமானாலும் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். செயலாளர் எவ்வளவு நல்லவராயினும், காரியம் எவ்வளவு அவசரமாயினும், ஒற்றைக் கையெழுத்துக்குப் பணம் கிடையாது. இந்த விதியை ஏற்படுத்திய நம் மூத்தவர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர்; ஆலையிலும் தோல் கிடங்கிலும் உழைத்தவர்கள். பலர் வியர்வை சிந்திச் சேர்த்ததை ஒருவர் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவைக்கக் கூடாது என்பதை அவர்கள் பட்டறிவால் தெரிந்து வைத்திருந்தார்கள்.

1787-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்களும் ஏறத்தாழ இதே எண்ணத்தோடுதான் எழுதினார்கள். மன்னன் நினைத்தால் போர், மன்னன் நினைத்தால் வரி என்ற கொடுமையை அவர்கள் அனுபவித்திருந்தார்கள். ஆகவே போரை அறிவிக்கும் உரிமையையும், படைக்குப் பணம் ஒதுக்கும் உரிமையையும், இறக்குமதிப் பொருள்கள்மீது வரி போடும் உரிமையையும் காங்கிரசிடம் கொடுத்தார்கள். காங்கிரஸ் என்றால் இங்கே நம் நாட்டுக் கட்சியன்று. இன்று 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்த அந்நாட்டு நாடாளுமன்றம். படைகளின் தலைமையையும், பிற நாடுகளோடு பேசி உடன்படிக்கை செய்யும் பொறுப்பையும் அதிபருக்குக் கொடுத்தார்கள். ஆனால், அவையில் இருக்கும் செனட் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால்தான் உடன்படிக்கை செல்லும் என்று கட்டுப்பாடும் விதித்தார்கள்.

‘அமெரிக்க அதிபர் தம் காங்கிரசைக் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன? நமக்கு நாளைக்குத் தண்ணீர் லாரி வருமா?’ என்று நம் அன்பர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அதற்கு விடை சொல்ல நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

2012 ஜூலை 16 அன்று துபாய் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அருகே மீன்பிடிப் படகு ஒன்றின்மீது அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று சுட்டது. பிழைப்புத் தேடிச் சென்ற இந்திய மீனவர்கள் அந்தப் படகில் இருந்தார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் மாண்டார், மூவர் காயமுற்றனர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்க அதிபர் இந்தியப் பொருள்கள்மீது மொத்தம் 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரில் பனியன் தைக்கும் நம் உடன்பிறந்தார் வயிற்றில் அடி விழுந்தது. அந்த வரிக்குக் காங்கிரசில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. 1977-ஆம் ஆண்டின் நெருக்கடிகாலச் சட்டம் ஒன்றைச் சுட்டிக்காட்டி அதிபரே போட்டார். அவருக்கு அப்படி ஓர் அதிகாரம் உண்டா என்ற வழக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஆகவே, வாஷிங்டனில் கையெழுத்து ஒன்றா இரண்டா என்பது நம் வீட்டு அடுப்பு வரை வரும் கேள்வியாகும்.

மன்றத்தை மதியாத அதிபருக்கு என்ன நேரும் என்பதற்கு உட்ரோ வில்சனின் கதையே போதும். முதல் உலகப் போர் முடிந்ததும் உலக நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு சங்கம் வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. ஆனால் பாரிசில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் புறப்பட்டபோது செனட் உறுப்பினர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லவில்லை. 1918 தேர்தலில் செனட் எதிர்க்கட்சியின் கைக்குப் போயிருந்த நேரம் அது. திரும்பி வந்ததும் செனட்டு சில திருத்தங்களைக் கேட்டது. ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது என்று பிடிவாதம் பிடித்த வில்சன், திருத்தங்களோடு வந்த தீர்மானத்தை எதிர்க்குமாறு தம் கட்சியினருக்கே சொன்னார். 1920 மார்ச் 19 அன்று ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு வாக்குகள் குறைந்தன. வில்சன் பெற்றெடுத்த சர்வதேச சங்கத்தில் அவருடைய நாடே கடைசிவரை சேரவில்லை!

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ட்ரூமன் இதிலிருந்து பாடம் படித்தார். 1947-இல் காங்கிரசின் இரு அவைகளிலும் எதிர்க்கட்சிக்கே பெரும்பான்மை. ஆயினும் செனட்டின் அயலுறவுக் குழுத் தலைவரான வாண்டன்பர்க் என்ற எதிர்க்கட்சிக்காரரோடு அவர் அரசு முன்கூட்டியே கலந்து பேசியது. அவர் கேட்ட மாற்றங்களுக்கு இடம் கொடுத்தது. போரில் இடிந்து கிடந்த மேற்கு ஐரோப்பாவுக்கு நான்கு ஆண்டுகளில் சுமார் 1,300 கோடி டாலர் வழங்கிய மார்ஷல் திட்டம் 1948-இல் நிறைவேறியது இப்படித்தான். எதிரணியில் இருப்பவரை ஏற்றுக்கொள்ளும் மனம் ட்ரூமனுக்கு இருந்தது. பெரிய படிப்பாளியான வில்சனுக்கு இல்லாமற் போயிற்று.

பொருளாளர் சோம்பேறியாகிவிட்டால் என்னவாகும்? கணக்கைப் பாராமலே, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால்? 1964 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் செய்தது அதுதான். வியத்நாம் கடலில், டோங்கின் வளைகுடாவில், தம் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்று ஜான்சன் அரசு சொன்னது. தேவையான நடவடிக்கை எல்லாவற்றையும் எடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாம் தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னாளில் வெளிவந்த அரசு ஆவணங்களிலிருந்தே தெளிவாயிற்று. அதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க இளைஞர்களும் பல இலட்சம் வியத்நாம் மக்களும் மாண்டிருந்தார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2002 அக்டோபரில், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லி இளைய புஷ் காங்கிரசின் ஒப்புதலை வாங்கினார். அடுத்த ஆண்டு போர் தொடுத்தார். அந்த ஆயுதங்கள் கிடைக்கவில்லை. பொய்க் கணக்கைக் காட்டி வாங்கும் இரண்டாவது கையெழுத்து, கையெழுத்தே ஆகாது.

வியத்நாமில் பட்ட பிறகு காங்கிரஸ் விழித்தது. 1973 நவம்பர் 7 அன்று, நிக்சனின் மறுப்பாணையையும் மீறி, போர் அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றியது. படையைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும். 60 நாளுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் படையைத் திரும்ப அழைக்கத் தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் இருக்கிறது, ஆனால் எல்லாக் கட்சி அதிபர்களும் அதில் சந்து தேடியிருக்கிறார்கள். 2011-இல் லிபியாமீது குண்டு வீசியபோது 60 நாள் கடந்த பின்பும், ‘இது சண்டையே அன்று’ என்று ஒபாமா அரசு வாதிட்டது. குண்டு விழுந்த வீட்டுக்காரனிடம் அந்த வாதம் எடுபடுமா?

1971-ஐ நாம் மறக்க முடியாது. கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் படை நடத்திய கொலைவெறிக்குத் தப்பி ஏறத்தாழ ஒரு கோடி ஏதிலியர் இந்தியாவுக்குள் வந்தார்கள். டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகளே தங்கள் அரசின் மௌனத்தைக் கண்டித்து ஏப்ரல் மாதத்தில் தந்தி அனுப்பினார்கள். நிக்சனும் கிசிங்கரும் செவிசாய்க்கவில்லை. சட்டம் இடம் கொடாது என்று தங்கள் அதிகாரிகளே எச்சரித்தும், பாகிஸ்தானுக்கு அமெரிக்கப் போர் விமானங்களைக் கொடுத்து உதவுமாறு ஜோர்டானை மறைமுகமாகத் தூண்டினார்கள். டிசம்பரில் என்டர்பிரைஸ் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பினார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் எட்வர்ட் கென்னடி என்ற செனட் உறுப்பினர் ஏதிலியர் முகாம்களுக்கு நேரில் வந்து சேற்றில் நடந்தார். கண்டதைத் தம் நாட்டில் போய்ச் சொன்னார். ஒரு நாட்டை அதன் அதிபரை மட்டும் வைத்து எடைபோடலாகாது என்பதை அன்று நாம் கற்றோம்.

ஒற்றைக் கையெழுத்தின் ஆயுளையும் பார்க்க வேண்டும். பனாமாக் கால்வாயைப் பனாமாவுக்கே திருப்பித் தரும் உடன்படிக்கைகளை 1978-இல் செனட்டின் முன் வைத்தார் கார்ட்டர். எதிர்ப்புப் பலமாக இருந்தது. உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார்; எதிர்க்கட்சித் தலைவரின் ஆதரவையும் பெற்றார். தேவை 67, இரண்டு உடன்படிக்கைகளுக்கும் கிடைத்தது 68. அவற்றைக் கடுமையாக எதிர்த்துப் பேசிய ரீகன் பின்னர் அதிபரான போதும் அவற்றைக் கிழித்தெறியவில்லை. 1999 டிசம்பர் 31 அன்று கால்வாய் பனாமாவின் கைக்கு வந்தது. இதற்கு மாறாக, 2015-இல் ஈரானோடு செய்த அணு உடன்பாட்டை ஒபாமா உடன்படிக்கையாகச் செனட்டின் ஒப்புதலுக்கு வைக்கவில்லை. வைத்தால் தேறாது என்பது அவருக்குத் தெரியும். 2018 மே 8 அன்று டிரம்ப் ஒரு கையெழுத்தில் விலகிக்கொண்டார். மீண்டும் வந்த தடைகளால், 2019 மே மாதத்துக்குப் பின் இந்தியாவும் ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்த நேர்ந்தது. ஒருவர் பேனாவால் எழுதியதை இன்னொருவர் பேனாவால் அடித்துவிடலாம். ஊர் கூடி எழுதியதை அவ்வளவு எளிதில் அடிக்க முடியாது.

அப்படியானால் மன்றம் எப்போதும் நல்லது, அதிபர் எப்போதும் கெட்டவரா? இல்லை. நடுநிலையோடு இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1951 பிப்ரவரியில் இந்தியாவில் உணவுப் பஞ்சம். இருபது இலட்சம் டன் தானியம் தர அனுமதி வேண்டும் என்று ட்ரூமன் காங்கிரசைக் கேட்டார். நேருவின் அயல்நாட்டுக் கொள்கை பிடிக்காத உறுப்பினர்கள் இழுத்தடித்தார்கள். நன்கொடையா கடனா என்று வாதிட்டார்கள். 19 கோடி டாலர் கடனாகச் சட்டம் கையெழுத்தானது ஜூன் 15 அன்றுதான். அந்த நான்கு மாதமும் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் இந்திய ஏழைகள். இறந்தவர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஈமச்சடங்கு நிதியைப் பதினாறாம் நாள் வரை இழுத்தடிக்கும் பொருளாளரை நாம் என்ன சொல்வோம்? கேள்வி கேட்பது வேறு, பழி தீர்ப்பது வேறு. போருக்குத் தாமதம் நல்லது. சோற்றுக்குத் தாமதம் பாவம்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்ததையும் நம் குடும்பங்கள் பல மறந்திருக்க மாட்டா. வேலையும் சேமிப்பும் போய், பாலைவனம் கடந்து அம்மான் வந்து, அங்கிருந்து விமானத்தில் பம்பாய் வந்து இறங்கிய இந்தியர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். அந்தப் போரைத் தொடங்குமுன் மூத்த புஷ், எனக்கு அனுமதி தேவையில்லை என்று சொல்லிக்கொண்டேயானாலும், காங்கிரசிடம் சென்றார். 1991 ஜனவரி 12 அன்று செனட்டில் 52-க்கு 47, பிரதிநிதிகள் சபையில் 250-க்கு 183. அந்தப் போரை நாம் புகழவில்லை. ஆனால் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது பெயரோடு பதிவாயிற்று. தன் மகனைப் போருக்கு அனுப்பிய தாய், தன் உறுப்பினரைப் பார்த்து ‘நீ ஏன் கை தூக்கினாய்?’ என்று கேட்க வழி இருந்தது.

நம் நாட்டில் அந்த வழிகூடக் குறுகலானது. இந்திய அரசு அயல்நாடுகளோடு செய்யும் ஒப்பந்தம் எதுவும் செல்லுபடியாவதற்கு நாடாளுமன்றத்தின் வாக்கு வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் பொதுவாக விதிக்கவில்லை. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் கையெழுத்திட்டார்கள். மலையகத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். தேயிலைக் கொழுந்து பறித்த கைகளில் ஒன்றையேனும் யாரும் கேட்டதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன வேண்டும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். அமெரிக்க அதிபர் யாராயினும் அவரைப் புகழ்வதோ வைவதோ நம் வேலையன்று. அவர் தம் மன்றத்திடம் உண்மைக் கணக்கை வைத்துக் கேட்டாரா, மன்றம் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டதா என்று பார்க்க நாம் பழக வேண்டும். அந்தப் பழக்கம் நம் வீட்டுக்கும் உதவும். வளைகுடா நாடுகளோடு நம் அரசு தொழிலாளர் குறித்துச் செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தமும், கையெழுத்தாகும் முன்பே நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கூலி என்ன, கடவுச்சீட்டு யார் கையில், உயிர் போனால் உடலைக் கொண்டுவரும் செலவு யாருடையது என்பவை அங்கே விவாதிக்கப்பட வேண்டும். தேர்தல் காலத்தில் நம் குடியிருப்புக்கு வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் இந்த ஒரு கேள்வியை நம் தோழர்கள் கேட்க வேண்டும். அவர் தரும் விடையைச் சங்கத்தில் வந்து சொல்லுங்கள். பெயரோடு எழுதி வைப்போம்.