ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு நாராயண ஐயர் தேவை

ரொம்ப நாளாக எழுத நினைத்த பதிவு. இன்டர்னல், செமஸ்டர், அசைன்மென்ட் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. போன வாரம் அக்காவுக்குத் துணையாக யுனிவர்சிட்டிக்குப் போய் வந்ததிலிருந்து மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருப்பதால் இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

"பிகாம் மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு பிஎச்டி பத்தி என்னடா தெரியும்?" என்று நம்ம கிளாஸ் நண்பர்கள் கேட்பார்கள். அக்காவின் தீசிஸில் பாதி அட்டவணை நான் டைப் அடித்தது. அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

அக்கா என்றால் பெரியப்பா மகள். எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். பெரியம்மாவும் என் அம்மாவும் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் சேர்த்து பிஎச்டி வரைக்கும் போன முதல் ஆள் அக்காதான். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண்களின் சேமிப்பும் கடனும்தான் அவள் ஆராய்ச்சி. அவளுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனபோது, "நீ யாரு, எந்த ஊரு" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்து, குழுக் கடன் பாஸ்புக்கையே எடுத்துக் காட்டினார்கள்.

போன வாரம் நடந்தது தீசிஸைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் கமிட்டி முன்பு பேசிக் காட்டும் கூட்டம். (எந்த யுனிவர்சிட்டி என்று கமென்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) அக்கா இருபது நிமிடம் ஸ்லைடைப் பார்த்து இங்கிலீஷில் வாசித்தாள். பார்த்துப் பேசவில்லை, வாசித்தாள். முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கடன் வாங்குகிறார்கள் என்கிறாய், சரி, ஏன் ஒரே மாதத்தில் இத்தனை பேர் வாங்குகிறார்கள்? அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு வேர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும். எனக்கே தெரியும்!

நல்லவேளை, அந்தப் பேராசிரியரே "தமிழ்லயே சொல்லும்மா" என்றார். அதற்கப்புறம் பத்து நிமிடம் அக்கா பேசினாள் பாருங்கள்... தீபாவளி முடிந்தால் ஆலையை மூடிவிடுவார்கள், திரும்பத் திறக்கும் வரை கூலி கிடையாது, ஆனால் குழுக் கடனுக்கு வாரத் தவணை நிற்காது, அதைக் கட்ட இன்னொரு குழுவில் கடன், அதைக் கட்ட ஆலையில் முன்பணம், முன்பணம் வாங்கினால் அடுத்த வருஷம் வேறு ஆலைக்கு மாற முடியாது. நகையை எப்போது அடகு வைப்பார்கள், எப்போது மீட்பார்கள் என்று மாதக் கணக்கோடு சொன்னாள். கமிட்டியில் இருந்தவர்கள் பேனாவை எடுத்துக் குறிப்பு எழுதினார்கள்.

முடிவு என்ன தெரியுமா? "இப்போ சொன்ன எதுவுமே தீசிஸ்ல இல்லையேம்மா. இதை எழுதிக் கொண்டு வா." இன்னும் சில மாதம் தள்ளிப்போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது நான் தீசிஸைப் புரட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, நான் அடித்ததுதான். அதற்குக் கீழே ஒரே வரி. பதிலளித்தவர்களில் பெரும்பான்மையோர் முறைசாராக் கடன் மூலங்களைச் சார்ந்துள்ளனர் என்று அதற்கு அர்த்தம். அடுத்த பக்கத்தில் அடுத்த அட்டவணை. ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால், "எல்லா தீசிஸ்லயும் அப்படித்தானே தம்பி இருக்கு" என்கிறாள். உண்மைதான். சோத்கங்காவில் போய் நாலு காமர்ஸ் தீசிஸைத் திறந்து பாருங்கள், அட்டவணை, ஒரு வரி, அட்டவணை, ஒரு வரி.

அக்காவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. இங்கிலீஷ் வராதது மட்டும்தான் பிரச்னை என்றும் நான் நினைக்கவில்லை. ஒரு அட்டவணைக்கும் ஒரு முடிவுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கேட்டதே இல்லை. அதுதான் என் ஆதங்கம்.

இந்த இடத்தில் ராமானுஜன் கதையைச் சொல்லியாக வேண்டும். ஃபெயிலானாலும் மேதை ஆகலாம் என்று மேடையில் சொல்கிற கதை வேண்டாம், அதன் இன்னொரு பக்கம்தான் எனக்கு முக்கியம். 1904ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், இங்கிலீஷ் கட்டுரைப் பாடத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். கணக்கு பிரமாதமாக வரும், எழுதிக் காட்டுவது வராது. 1911ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்குத் தன் முதல் கட்டுரையை அனுப்பினார், பெர்னூலி எண்களைப் பற்றியது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதைக் குப்பையில் போடவில்லை. இது சாதாரண வாசகனுக்குப் புரியாது, மாற்றி எழுது என்று திரும்பத் திரும்ப அனுப்பி, ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்.

அடுத்த வருஷம் மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் எஸ். நாராயண ஐயர். (கவனிக்க, கணக்கர்! நம்ம டிபார்ட்மென்ட் ஆள்.) அவரே கணிதம் படித்தவர், இரவில் ராமானுஜனோடு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவாராம். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். என் அளவுக்கு இறங்கி வா, உன் இரண்டு வரிக்கு நடுவில் பத்து வரி எழுது என்று நாராயண ஐயர் மல்லுக்கட்டுவார் என்று ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்பது அவர் வாதம். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குப் போனது இதற்கெல்லாம் அப்புறம்தான். அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பிறகு கேம்பிரிட்ஜில் ஹார்டியும் அதே வேலையைத்தான் கொஞ்சம் பெரிய அளவில் செய்தார்.

ராமானுஜனுக்கே ஆள் தேவைப்பட்டது. எங்க அக்காவுக்குத் தேவைப்படாதா?

இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்போம். விதி இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. யுஜிசி 2018ல் கொண்டு வந்த விதிப்படி பிறருடையதோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60 வரை போனால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது, அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. 2019 டிசம்பரில் ஆராய்ச்சி நெறிமுறை பற்றி 2 கிரெடிட் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். 2022 நவம்பரில் வந்த பிஎச்டி விதிமுறையில், ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கற்பித்தல், எழுதுதல் சார்ந்த பயிற்சி வேண்டும் என்றே ஒரு வரி இருக்கிறது. வரி இருக்கிறது, சரி. அந்தப் பயிற்சியை யார், எந்த ரூமில், எத்தனை மணிக்குத் தருவார்கள்? அக்காவிடம் கேட்டேன். சிரித்தாள்.

மற்றவன் வார்த்தையை எடுத்தால் தண்டிக்கிறோம், சொந்த வார்த்தையில் எழுதுவது எப்படி என்று சொல்லித் தரமாட்டோம். இதன் விளைவைப் பாருங்கள். சதவீதத்தைக் குறைக்க ஒவ்வொரு சொல்லையும் மாற்றிப் போடும் சாஃப்ட்வேர் வந்தது. 2021ல் சில ஆய்வாளர்கள் இப்படி மாறிப்போன கட்டுரைகளைத் தேடிப் பிடித்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ் என்று அச்சாகியிருந்ததாம், அதாவது கள்ள நோட்டு மாதிரி கள்ள உணர்வு! இப்போது சாட்ஜிபிடி வந்து இங்கிலீஷை வழவழ என்று ஆக்கிக் கொடுக்கிறது. அதில் அக்காவின் அந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்தோம். அழகான மூன்று வரி வந்தது. தவணையும் இல்லை, முன்பணமும் இல்லை, ஆலை மூடியதும் இல்லை. அதற்கு எப்படித் தெரியும், பாவம்.

இதைவிட மோசமானது, காசு கொடுத்தால் மொத்த தீசிஸையும் எழுதிக் கொடுக்கும் கடைகள். பைண்டிங் கடைப் பக்கம் போனவர்களுக்கு அந்த நோட்டீஸ் தெரிந்திருக்கும். அங்கே போகிறவர்களை எல்லாம் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

வெளிநாட்டில் இதற்கென்றே ரைட்டிங் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. நாம் எழுதியதை எடுத்துக்கொண்டு போனால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார், கேள்வி கேட்பார், திருத்துவது நம் வேலை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1994லேயே தன் குறிப்புகளை இணையத்தில் போட்டுவிட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். இந்தியாவிலும் அசோகா மாதிரி தனியார் பல்கலைக்கழகத்தில் உண்டு. பேசுவதற்கு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008ல் ஆரம்பித்த போட்டி ஒன்று இருக்கிறது. மூன்று நிமிடம், ஒரே ஸ்லைடு, உன் ஆராய்ச்சியைத் துறைக்கு வெளியே இருப்பவனுக்குப் புரியவை. நம் தமிழ்நாட்டில் 2022ல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் எங்களை மாதிரி டிகிரி மாணவர்களுக்கு இங்கிலீஷ் பயிற்சி கிடைக்கிறது. ஆராய்ச்சி மாணவன் மட்டும் எல்லாம் தெரிந்தவன் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

கைடு எதற்கு இருக்கிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல கைடுகள் இதைச் செய்கிறார்கள், அவர்களிடம் படித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனால் கைடுக்கும் வகுப்பு, பேப்பர் திருத்தம், நாக் வேலை, கூடவே இன்னும் சில மாணவர்கள். தவிர, கைடிடம் "சார், எனக்கு இந்தப் பத்தியே எழுத வரல" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மார்க் போடாத, கையெழுத்துப் போடாத ஒரு ஆளிடம்தான் அதைச் சொல்ல முடியும். ஒரு ரூம், இரண்டு பேர், வாரம் மூன்று நாள் மதியம் போதும். ரிட்டயர்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வைவா முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்தால் வரமாட்டார்களா? பட்ஜெட் போட்டுக் காட்ட நான் தயார், பிகாம் எதற்குப் படிக்கிறேன்.

இன்னொன்று. அந்த ரூமில் தமிழில் பேச வேண்டும். எழுதுவது இங்கிலீஷாகவே இருக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதல் டாக்டர் பட்டம் 1948ல் மு.வ. வாங்கியது, அந்த ஆய்வேட்டையே அவர் இங்கிலீஷில்தான் எழுதினார். சங்க இலக்கியத்தையே அப்படி எழுத முடிந்தபோது குழுக் கடனை எழுத முடியாதா? ஆனால் யோசிப்பது நமக்கு வருகிற பாஷையில் நடக்கட்டும். "தமிழ்லயே சொல்லும்மா" என்ற ஒரு வார்த்தையை அக்கா நாலு வருஷம் கழித்து, கமிட்டி முன்னால்தான் முதல் தடவையாகக் கேட்டாள்.

நாடு முழுவதற்கும் நோட்டுப் புத்தகம் அடித்துக் கொடுக்கிற சிவகாசிப் பக்கத்திலேயே இந்த நிலைமை. :-)

சரி, யுனிவர்சிட்டி ரூம் திறக்கும்வரை சும்மா இருக்க முடியாது இல்லையா? இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முதல் கூட்டம் நடந்தது. நான், பெரியம்மா, அம்மா, எதிர்வீட்டு அத்தை. அக்கா ஸ்லைடு இல்லாமல் முதலில் தமிழில் பேசினாள், நான் போனில் ரெக்கார்ட் பண்ணினேன். அதைக் கேட்டு இங்கிலீஷில் எழுத வேண்டும் என்று திட்டம். நடுவில் அம்மா, "ஏம்மா, மழை பேஞ்சு வேலை இல்லாம போற நாள் கணக்க எங்க சேர்த்த?" என்று கேட்டார்.

அக்கா அட்டவணையைப் புரட்டினாள். எங்கேயும் சேர்க்கவில்லை. பேனா வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டாள்.