குடலுக்கும் ஒரு ஸ்டென்ட் இருக்கு

ஸ்டென்ட்னு சொன்னதும் நமக்கு ஹார்ட்தான் ஞாபகம் வரும். குடலுக்கும் அது இருக்கு. பெருங்குடல்ல புற்றுக்கட்டி வளர்ந்து வழியை அடைச்சிட்டா வயிறு ஊதும், மலமும் காற்றும் போகாது. விட்டா குடல் ஓட்டை விழுந்து உயிருக்கே ஆபத்து. வழக்கமான வைத்தியம் அவசர ஆபரேஷன். வீங்கின குடலை உடனே சேர்த்துத் தைக்கத் தயங்கி, பல நேரம் வயித்துல வாசல் வெச்சு பை மாட்டி அனுப்புவாங்க. தற்காலிகம்னு வெச்ச பை சிலருக்குக் கடைசி வரைக்கும் நிக்கும்.

சிலமலையில இருந்து விடிகாலை ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போற ஒரு அக்காவை நினைச்சுப் பாருங்க. நாள் முழுக்க சரிவுல குனிஞ்சு காய் எடுக்கணும். ஒதுங்கவே மறைவு தேடுற இடத்துல அந்தப் பையை எங்க கழுவுறது?

ஸ்டென்ட் வாங்கிக் கொடுக்கிறது நேரம். கொலனோஸ்கோப் வழியா, சுருக்கி வெச்ச நிட்டினால் வலைக்குழாயை அடைப்புக்குள்ள கொண்டுபோய் விடுறாங்க. உறையை இழுத்ததும் தானா விரிஞ்சு வழி திறக்கும். நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த உலோகம். ஷேப் மெமரினு ரெண்டு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துடுறோமே, அதேதான். வயிறு இறங்கினதும் உடம்பைத் தேத்தி, நிதானமா ஆபரேஷன் பண்ணி குடலை நேரடியா சேர்க்க வாய்ப்பு கூடும். பிரிட்டனோட கிரெஸ்ட் ஆய்வுல பை தேவைப்பட்டவங்க குறைஞ்சாங்க.

மந்திரம் ஒண்ணும் இல்லை. கம்பி குடலைக் கிழிச்சா புற்று வயித்துக்குள்ள பரவலாம். நெதர்லாந்துல ஸ்டென்ட் வெச்சவங்களுக்குச் சிக்கல் கூடினதால ஓர் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினாங்க. முடிவு 2011-ல் வெளியாச்சு. ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தா வைக்கக் கூடாது. ஆசனவாயை ஒட்டின கட்டிக்கும் சரிப்படாது. கை பழகின டாக்டர் வேணும். ஆனா குணப்படுத்தவே முடியாத கட்டத்துல இருக்கிறவங்களுக்கு, மிச்ச நாளைப் பை இல்லாம கழிக்க இதைக் கேட்கிற உரிமையாவது வேணும்னு நினைக்கிறேன்.

கேட்டா போதுமா, காசு? 2017 பிப்ரவரியில இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்சவிலை வெச்சது. லட்சத்தைத் தாண்டி வித்த மருந்து பூசின ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்குச்சு. அந்த உத்தரவுல குடல் ஸ்டென்ட் இல்லை. இதய நோயாளி அளவுக்கு இவங்க எண்ணிக்கை இல்லை, குரலும் இல்லை. அதுக்காக விட்டுடலாமா?

திருவனந்தபுரம் சித்ரா நிறுவனம் இதய வால்வை இங்கேயே செஞ்சு 1990-லயே நோயாளிக்குப் பொருத்திடுச்சு. நாம இன்னும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு லைன் ஃபாலோவர் ரோபோவைக் காசு கொடுத்து வாங்கிட்டிருக்கோம். மெக்கானிக்கல் பசங்க யாராவது ஒரு நிட்டினால் கம்பியை வெந்நீர்ல போட்டுப் பார்த்துட்டு வாங்க, பேசலாம்.